கொல்லையில் மூன்று விதக் கூடு: எதைக் கலைப்பது, எதை விட்டுவிடுவது?

தோப்புவீடு கேட்டது:

வணக்கம். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் கிராமத்து வீடு, சுற்றிலும் கொல்லை. இப்போது மூன்று இடத்தில் குளவி கட்டியிருக்கிறது.

ஒன்று, ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில். சாம்பல் நிறம், தாமரைக்காயைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மாதிரி அறை அறையாக இருக்கிறது. உள்ளங்கை அகலம். பதினைந்து இருபது குளவி மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. தரையிலிருந்து ஒன்பது அடி.

இரண்டாவது, மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிய மண்கட்டி. ஒற்றைக் குளவிதான் வந்து போகிறது, இடுப்பு நூல் மாதிரி.

மூன்றாவதுதான் பயம். தென்னை மரத்தில் ஏறக்குறைய 25 அடி உயரத்தில், மட்டை இடுக்கில், பூசணிக்காய் அளவுக்குப் பழுப்பு நிற உருண்டை. மேலே அலை அலையாக வரி. பூச்சி பெரிது, கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை. தேங்காய் பறிக்கிறவர் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏற மாட்டேன் என்று போய்விட்டார். பக்கத்தில் எல்லாரும் பந்தம் கட்டிக் கொளுத்தச் சொல்கிறார்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர், எழுபது வயது அம்மா. அம்மா பிரஷருக்கு அட்டினலால் சாப்பிடுகிறார். மூன்றையும் எடுத்தாக வேண்டுமா? நானே செய்யக்கூடியது எது? கொட்டிவிட்டால் முதலில் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இறக்கைநரம்பு:

பந்தத்தை முதலில் மறந்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் வருகிறவர்கள் சொல்வார்கள். மூன்றும் மூன்று வேறு சாதி, மூன்றுக்கும் மூன்று வேறு முடிவு.

தாமரைக்காய் மாதிரி இருப்பது காகிதக் குளவி. மரத்தூளையும் காய்ந்த நாரையும் மென்று எச்சிலில் குழைத்துக் கட்டுவது, அதனால் அந்தச் சாம்பல் நிறம். கூட்டுக்கு மேலுறை கிடையாது, அறைகள் திறந்தே தெரியும். ஒரே ஒரு காம்பில் தொங்கும். பக்கத்தில் போகாதவரை தானாகத் துரத்தி வராது, ஆனால் ஜன்னல் கதவைப் படாரென்று திறந்தால் அந்த அதிர்வுக்குக் கொட்டும்.

நம் பக்கம் வீட்டோரம் சாதாரணமாகக் கட்டுவது ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற இனம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். அவர் கண்டறிந்ததில் உங்களுக்கு உபயோகமான சேதி ஒன்று உண்டு. ராணியை எடுத்துவிட்டால் கூடு கலையாது. சில நிமிடத்திலேயே வேலைக்காரக் குளவிகளில் ஒன்று மற்றவற்றை முட்டி விரட்ட ஆரம்பிக்கும், அதுவே அடுத்த ராணியாகிவிடும். பாதிக் குளவியைக் கொன்று பாதியை விட்டால் மறுபடி அங்கேயே குடித்தனம் நடப்பது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். குளிர் காலம் வந்தால் குளவி தானாகச் செத்துப்போகும், அதுவரை பொறுங்கள் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். பனி உறைகிற நாட்டுக்கு அது சரி. நம் சமவெளியில் இந்தக் கூடு வருஷம் முழுக்க நடக்கும்.

மண்கட்டி கட்டுவது தனிக்குளவி. கூட்டம் கிடையாது, காவல் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. நூல் இடுப்பு என்கிறீர்கள், மஞ்சளும் கறுப்புமாகக் கால் நீண்டிருந்தால் அது ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 1781இல் ஃபாப்ரிசியஸ் பெயர் வைத்தபோது நம் மதராசப்பட்டினமே அதன் பெயரில் ஏறிவிட்டது. அந்த மண்கட்டியைப் பெயர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு அறையிலும் சின்னச் சின்னச் சிலந்திகள் கால் மடங்கி அடுக்கியிருக்கும். செத்தவை அல்ல, கொட்டி மரக்கவைத்தவை. நடுவில் அரிசி மாதிரி ஒரு முட்டை. அதில் பொரிக்கும் புழு சிலந்திகளைத் தின்று வளர்ந்து குளவியாகிறது. குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன் இனமாக்குகிறது என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். கொட்டு வாங்கியது தீனி, வெளியே வருவது குளவியின் சொந்தப் பிள்ளை.

இந்தக் கூட்டை விட்டுவிடுங்கள். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று கலைக்க விடாமல் பார்த்துக்கொண்ட வழக்கம் நல்ல வழக்கம்.

மூன்றாவது கதண்டு. சில ஊரில் கடந்தை என்பார்கள். வயிற்றின் முன்பாதி முழுக்க மஞ்சளும் பின்பாதி முழுக்கக் கறுப்புமாக இருந்தால் வெஸ்பா அஃபினிஸ், மரத்திலும் புதரிலும் உருண்டைக் கூடு கட்டுவது. ஒற்றைப் பட்டை மட்டும் இருந்தால் வெஸ்பா டிராபிகா, அது பெரும்பாலும் தரைப் பொந்திலும் மர ஓட்டையிலும் இருக்கும். உங்கள் கூடு முதல் வகையாகத்தான் தெரிகிறது. ஒரு பக்கமாகச் சின்ன வாசல் ஒன்று மட்டும் இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். அருகே போக வேண்டாம், போனில் ஜூம் செய்து பார்த்தால் போதும்.

---

தோப்புவீடு:

பார்த்தேன். ஒரே வாசல், கீழ்ப்பாதியில் ஒரு பக்கமாக. மூன்று நான்கு அங்கேயே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கின்றன. முன்பாதி மஞ்சள், பின்பாதி கறுப்பு.

ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கத்து மண்ணை விட்டுவிட்டால் மோட்டாருக்கு ஆபத்தில்லையா?

---

வடிமுனை:

ஸ்டார்ட்டருக்குச் சொல்கிறேன். சுவரில் இருந்தால் இருக்கட்டும். பெட்டியின் காற்றோட்ட ஓட்டைக்குள்ளோ ரிலே பக்கமோ மண் வைத்திருந்தால் மட்டும் எடுங்கள். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கட்டியாகப் பெயர்ந்து வரும். தண்ணீரோ ஸ்பிரேயோ அடிக்காதீர்கள். மண்ணில் உருண்டையாக ஓட்டை விழுந்திருந்தால் குளவி பொரித்துப் போய்விட்டது, காலிக்கூடு. வழுவழுவென்று மூடியிருந்தால் உள்ளே புழு உண்டு, அவசரமில்லையென்றால் ஓட்டை விழும்வரை பொறுக்கலாம்.

ஏசி தண்ணீர் வடியும் குழாய், கேட்டின் திறந்த பைப் முனை, காஸ் அடுப்பை ரொம்ப நாள் மூடிவைத்திருந்தால் அதன் பர்னர் குழாய், இவையெல்லாம் மண்குளவிக்குப் பிடித்த இடம். ஏசி உள்பக்கம் சொட்டுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பல நேரம் வடிகுழாயில் ஒரு விரல் நீளத்துக்கு மண்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கும் விமானங்களின் வேகமானிக் குழாயையே இந்த மாதிரிக் குளவி அடைத்துவிடுகிறது என்று அதற்கு உறை மாட்டி வைக்கிறார்கள். குழாய் முனையில் கொசுவலைத் துண்டை மடித்து ரப்பர் பேண்ட் போட்டால் போதும்.

---

சோப்புநுரை:

சன்ஷேடுக் கூட்டை நீங்களே எடுக்கலாம், மருந்து வேண்டாம். பாத்திரம் கழுவும் லிக்விடே போதும். பூச்சி மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் துளைகள் வழியாக. வெறும் தண்ணீர் அந்த மெழுகுத் தோலில் ஒட்டாமல் உருண்டு ஓடும். சோப்பு கலந்த தண்ணீர் பரவி ஒட்டித் துளைக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். இறக்கையும் நனைந்து ஒட்டிக்கொள்வதால் பறக்கவும் முடியாது. ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் கலைக்கப் பார்ப்பவர்கள் கொட்டு வாங்குவது சோப்பு இல்லாததால்தான்.

அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அதாவது பெரிய கரண்டியால் இரண்டு. 2 லிட்டர் தயார் செய்யுங்கள். சோப்புத் தூள் வேண்டாம், கரையாத துகள் நுனியை அடைத்து, குளவி கிளம்பும் நேரம் பார்த்து ஸ்பிரேயர் நின்றுவிடும். கையால் பம்ப் செய்து காற்றேற்றும் 2 லிட்டர் தெளிப்பான் செடிக்கடையில் கிடைக்கும். அதன் நுனியைத் திருகினால் பனித்தூறலும் வரும், ஒற்றைத் தாரையும் வரும். தாரைக்கு வைத்து, முந்தின நாளே வெறுஞ்சுவரில் அடித்துப் பாருங்கள். எட்டு அடி தூரத்தில் குறி தப்பாமல் விழ வேண்டும். தூறல் உதவாது, நனைவதற்குள் பறந்துவிடும்.

நேரம்: விடிவதற்கு முன், ஐந்து மணி சுமார். ஏறக்குறைய எல்லாம் கூட்டில் இருக்கும், உடம்பு குளிர்ந்து மந்தமாக இருக்கும். பகலில் செய்தால் இரைக்குப் போனதெல்லாம் நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும்போது திரும்பும். ஜன்னலை உள்பக்கம் தாழிட்டு அந்த அறை விளக்கை அணைத்துவிடுங்கள். டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், குளவிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. டார்ச்சைக் கையில் பிடிக்காமல் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்துவிடுங்கள். விளக்கைப் பார்த்துத்தான் பறந்து வரும்.

உடை: ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, மேலே ரெயின்கோட். பேண்ட் கால் சாக்ஸுக்குள், கை நுனி ரப்பர் கையுறைக்குள். தலைக்கு ஹெல்மெட், அதன் மேல் கொசுவலைத் துணியைப் போர்த்திக் கழுத்தில் காலருக்குள் செருகுங்கள். வலை முகத்தில் ஒட்டக் கூடாது, ஒட்டினால் வலை வழியாகவே கொட்டும். ஹெல்மெட் முன்நீட்டம் அதற்காகத்தான்.

கூட்டுக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் எட்டு அடி தள்ளித் தரையில் நில்லுங்கள். ஏணி கூடவே கூடாது. கொட்டு வாங்கினால் வலியோடு போகும், ஏணியிலிருந்து பதறி விழுந்தால் இடுப்பு போய்விடும். முதல் அடி கூட்டின் முகத்தில், பிறகு காம்பில், பிறகு திரும்ப முகத்தில். அரை லிட்டர் வரை நிறுத்தாமல் அடியுங்கள். பொத்துப் பொத்தென்று விழும். விழுந்தது செத்ததாக நினைத்து அருகே போகாதீர்கள், சில நிமிடம் துடிக்கும், அந்த நிலையிலும் கொட்டும். தரையில் கிடப்பவை மீதும் அடியுங்கள்.

பதினைந்து நிமிடம் கழித்து அசைவில்லை என்றால் ஒட்டடைக் கம்பால் காம்பைத் தட்டிக் கூட்டைச் சோப்புத் தண்ணீர் வாளியில் விழவைத்து, ஒரு கல்லை வைத்து அமுக்கிவிடுங்கள். வெள்ளை மூடி போட்ட அறைகளில் கூட்டுப்புழு இருக்கும், தண்ணீருக்குள் அமுக்காவிட்டால் பின்னால் பொரித்து வரும். காம்பு ஒட்டியிருந்த இடத்தைப் பட்டி பூசும் தகட்டால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை அதே இடத்தில் நாலைந்து குளவி கூடியிருக்கும். ராத்திரி வெளியே தங்கியவை. பயப்பட வேண்டாம், கூடு இல்லாவிட்டால் காவலும் இல்லை. அன்று மாலை அவற்றுக்கும் ஒரு தாரை.

கரப்பான் ஸ்பிரே டப்பா வேலை செய்யும், ஆனால் இரண்டு மூன்று அடிக்குள் போனால்தான். அதில் தள்ளும் வாயு எரியக்கூடியது, சமையலறை ஜன்னல் பக்கம் அடுப்பு எரியும்போது அடிக்காதீர்கள். மீட்டர் பெட்டிக்குள்ளும் அடிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் கூடு ஜன்னலில் இல்லாமல் கொல்லைக் கடைசிச் சுவரில் இருந்திருந்தால் விட்டுவைக்கலாம். கத்தரி, வெண்டைப் பாத்தியில் புழு பிடித்துப் போவதில் காகிதக் குளவிக்கு நிகரில்லை. வேட்டை முடிந்து வரும் குளவியை உற்றுப் பாருங்கள், வாயில் பச்சையாக மென்ற உருண்டை இருக்கும். அது கத்தரிப் பாத்திப் புழு.

---

கயிறும்கொக்கியும்:

தென்னை மரத்துக் கதண்டுக்கு வருகிறேன். சோப்புத் தண்ணீரெல்லாம் இதற்கு ஆகாது. மேலுறை காகிதம் பல அடுக்கு, உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கு, வெளியே நனைந்தாலும் உள்ளே நனையாது. நீங்களும் செய்யக் கூடாது, ஊரில் துணிச்சலான ஆளை வைத்தும் செய்யக் கூடாது. தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் கதண்டு கொட்டிச் சாவு விழுவது புதிதல்ல. நூறு நாள் வேலையில் புதர் வெட்டும்போதும், பனை ஏறும்போதும், தேங்காய் பறிக்கும்போதும்தான் அதிகம்.

பந்தம் ஏன் கூடாது என்று சொல்கிறேன். தென்னையில் பன்னாடையும் காய்ந்த மட்டையும் எண்ணெய் ஊற்றிய திரி மாதிரி. கூட்டுக்கு வைக்கும் நெருப்பு அதில் பற்றிக் கொண்டைக்கு ஏறும். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, குருத்து வெந்தால் மரம் அத்தோடு முடிந்தது. எரிகிற மட்டை கழன்று விழும் இடத்தில் கீற்றுக் கொட்டகையோ வைக்கோல் போரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். 25 அடிக்குப் பந்தம் எட்ட நீள மூங்கில் வேண்டும், பக்கத்தில் மின்கம்பி போனால் அது தனி ஆபத்து. இவ்வளவுக்கும் பிறகு, கூடு எரிந்து உடையும்போது உள்ளே இருப்பதில் ஒரு பங்கு வெளியே வந்துவிடும். கதண்டு இருட்டிலும் வெளிச்சத்தைப் பார்த்துப் பறக்கும். வெளிச்சம் யார் கையில் இருக்கிறது? பந்தம் பிடித்தவர் கையில்.

101க்கு அடியுங்கள், தீயணைப்பு மீட்புப் பணித் துறை. 112க்கு அடித்தாலும் மாற்றிவிடுவார்கள். கதண்டுக் கூடு என்று சொல்லுங்கள், வெறும் குளவி என்று சொன்னால் எந்த அளவுத் தயாரிப்போடு வருவது என்று அவர்களுக்குத் தெரியாது. கூடவே இவற்றையும் சொல்லிவிட்டால் ஒரே தடவையில் வேலை முடியும்: கூடு எத்தனை அடி உயரம், மரத்திலிருந்து மின்கம்பி எவ்வளவு தூரம், அடியில் ஓலைக் கூரை உண்டா, வண்டி மரத்தடி வரை வருமா. முடிந்தால் போட்டோவையும் காட்டுங்கள்.

அவர்கள் வருவது பெரும்பாலும் இருட்டிய பிறகாக இருக்கும். அதற்கு முன் மாடு கன்றை அவிழ்த்துத் தூரமாகக் கட்டுங்கள். கட்டிக் கிடக்கும் மாட்டால் ஓட முடியாது, நூற்றுக்கணக்கில் கொட்டிச் செத்துப்போகும். நாய், கோழிக்கும் அப்படியே. சுற்றியுள்ள நாலு வீட்டுக்கும் சொல்லி, ஜன்னலைச் சாத்தி, வெளி விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கப் போன் டார்ச்சோடு கூட்டம் கூடுவதுதான் மிகப்பெரிய தொல்லை.

ஆள் வரும்வரை மரத்தைச் சுற்றி முப்பது அடிக்குக் கயிறு கட்டுங்கள். விழுந்த தேங்காயைப் பொறுக்கப் போகாதீர்கள். மட்டையை இழுக்காதீர்கள். அந்த மரத்தடியில் புல் வெட்டும் மெஷினோ ஜெனரேட்டரோ ஓடக் கூடாது, அதிர்வும் புகையும் இரண்டுமே கிளப்பும். பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டே இருந்தும் ஒரு நாள் திடீரென்று கீழிறங்கித் துரத்தினால் அது தேன்பருந்து வேலையாக இருக்கலாம். புழுவைத் தின்ன அது கூட்டைக் கிழிக்கும், கோபத்தைக் கீழே இருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

துரத்தினால் கையை வீசக் கூடாது, ஒன்றைக்கூட அடித்து நசுக்கக் கூடாது. நசுங்கிய கதண்டின் நஞ்சு வாசனை மற்றவற்றுக்கு இங்கே எதிரி என்று சொல்லிவிடும். துண்டையோ முந்தானையையோ தலை கழுத்தோடு மூடி, கண் தெரியும் அளவுக்கு மட்டும் விட்டு, நேராக ஓடுங்கள். கதவு சாத்தக்கூடிய அறை அல்லது கார். ஓடாமல் குப்புறப் படுப்பது கதண்டிடம் பலிக்காது. குளத்தில் குதிப்பதும் அப்படித்தான், தலை வெளியே வரும் வரை மேலேயே சுற்றும்.

கூட்டை எடுத்த பிறகு விழுந்த துண்டுகளைக் கையால் தொடாதீர்கள். மூடிய அறைகளுக்குள் மருந்து போயிருக்காது, உள்ளிருப்பவை பிறகும் வெளிவரும். குழி வெட்டி, துண்டுகளைப் போட்டு, ஒன்றரை அடி மண் தள்ளி மிதித்துவிடுங்கள். மரம் ஏற ஒரு வாரம் பொறுங்கள். ஏறுவதற்கு முந்தின நாள் மதியம் அரை மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். ஒன்றிரண்டு வட்டமிட்டால் பரவாயில்லை. ஒரே இடத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தால் மிச்சக் கூடு இருக்கிறது என்று பொருள்.

---

ஊசிமருந்து:

கொட்டினால் என்ன செய்வது என்ற பகுதி. அம்மாவுக்கு அட்டினலால் என்று எழுதியிருக்கிறீர்கள், அது முக்கியம், கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றிரண்டு கொட்டு, கொட்டின இடத்தில் மட்டும் வீக்கம் என்றால்: முதலில் மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள். அரை மணியில் விரல் வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி வையுங்கள். பெரியவர்களுக்கு அரிப்புக்குச் செட்ரிசின் 10 மில்லிகிராம் ஒன்று, வலிக்குப் பாராசிட்டமால். பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற சிரப்பை மருத்துவரிடம் கேட்டு இப்போதே அளவை எழுதி ஒட்டி வையுங்கள். மறுநாள் வீக்கம் கொஞ்சம் கூடுவது இயல்பு.

குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதனால் நோண்டித் தேடாதீர்கள். தேனீ மட்டும் விட்டுவிடும், அதோடு நஞ்சுப் பையும் ஒட்டிக்கொண்டு துடித்துத் துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தாலோ எதாலோ அந்த நொடியே எடுக்க வேண்டும். சுரண்டி எடுக்க ஏ.டி.எம். கார்டு தேடி வீட்டுக்குள் போகாதீர்கள், எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கணக்கு.

சுண்ணாம்பு வேண்டாம். நஞ்சு ஊசி போட்ட மாதிரி தோலுக்கடியில் போய்விட்டது, மேலே தடவுவது அங்கே எட்டாது. தோல் வெந்து புண்ணாவதுதான் மிச்சம். கண் பக்கம் தடவினால் கண்ணுக்கே கேடு.

எப்போது 108? கொட்டாத இடத்தில் காணாக்கடி மாதிரி தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சில் விசில் சத்தம், வாந்தி, தலைசுற்றல், கண் இருட்டுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் கிளம்ப வேண்டும், வீட்டில் பொறுத்துப் பார்க்கும் நேரமல்ல. இதற்கு மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் அதற்கு ஈடாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும், அதனால் பெரிய ஆஸ்பத்திரி தேடி ஒரு மணி நேரம் ஓடுவதைவிட அருகில் உள்ள இடத்துக்குப் போய் ஊசி போட்டபின் மேலே போவது நல்லது. போகும் வழியில் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரவைக்கலாம். மயக்கம் தெளிந்தது என்று எழுப்பி நடக்கவைக்காதீர்கள், அந்த நிமிடத்தில்தான் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார்கள். சரியாகிவிட்டாலும் சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை வரலாம், வைத்துப் பார்க்கிறோம் என்றால் இருங்கள்.

வாய்க்குள், தொண்டையில், கண்ணில் கொட்டினால் ஒரே கொட்டானாலும் ஆஸ்பத்திரிதான்.

கதண்டு பல இடத்தில் கொட்டிவிட்டால் ஒவ்வாமை இல்லாவிட்டாலும் போக வேண்டும். பெரியவர்களுக்குப் பத்துக்கு மேல், பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் நாலைந்துக்கு மேல் என்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். நஞ்சு தசையையும் ரத்தச் சிவப்பணுவையும் சிதைக்கிறது, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. கொட்டின அன்று ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் குறைந்து கறுப்பு டீ நிறத்தில் போகும். அதைப் பார்த்துவிட்டுப் போவது தாமதம். ரத்தத்தில் சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தசைச் சிதைவுக்குச் சி.பி.கே., நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. பார்ப்பார்கள், இல்லையென்றால் கேளுங்கள். கதண்டு நஞ்சால் மாரடைப்பு வந்ததும் மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது.

அம்மா விஷயம்: அட்டினலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலின் சரியாக ஏறாமல் போகலாம். அப்போது குளுககான் என்ற ஊசி தேவைப்படும். மருத்துவர் கேட்பதற்கு முன்பே மாத்திரை அட்டையை நீட்டுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

---

மாவடு:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டிய சிவப்பு எறும்பு. மாங்காய் பறிக்க முடியவில்லை. இதையும் சோப்புத் தண்ணீரில் முடிக்கலாமா? தரையில் ஒரு பொந்திலும் குளவி போய் வருகிறது, அதற்குப் பெட்ரோல் ஊற்றச் சொல்கிறார்கள்.

---

இறக்கைநரம்பு:

எறும்பு முசுறு. அதற்குக் கொடுக்கு கிடையாது, கடித்து அந்தக் காயத்தில் அமிலம் பீச்சும், அதுதான் எரிச்சல். மாமரத்துப் பூச்சிகளை அது தின்று தீர்ப்பதால் கொல்லாதீர்கள். பறிக்கும் நாளில் மட்டும் கூடு இருக்கும் சிறுகிளையைத் துறட்டியால் வெட்டி இறக்குங்கள்.

பொந்துக்குப் பெட்ரோல் வேண்டாம். மண்ணும் கிணறும் கெடும், ஆவி பொந்துக்குள் தேங்கி யாரோ தீக்குச்சி கிழித்தால் முகத்தில் வெடிக்கும். முதலில் பகலில் பதினைந்து அடி தள்ளி நின்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு ஒன்று இரண்டு, ஒவ்வொன்றும் தன் தன் ஓட்டைக்குள் போனால் தனிக்குளவி, விட்டுவிடலாம். ஒரே ஓட்டையில் இடைவிடாமல் போக்குவரத்து, பெரிய உடம்பு, ஒற்றை மஞ்சள் பட்டை என்றால் தரைக் கதண்டு. வாசலைக் கல்லாலோ மண்ணாலோ அடைக்காதீர்கள், வேறு பக்கம் தோண்டிக்கொண்டு கோபத்தோடு வரும். அதுவும் 101 வேலைதான்.

---

தோப்புவீடு:

எல்லாருக்கும் நன்றி. தென்னைக்கு இன்றே 101க்குச் சொல்கிறேன். சன்ஷேடு ஞாயிறு விடியற்காலை. மோட்டார் ரூம் மண்ணை விட்டுவிடுகிறேன். எடுத்த இடத்தில் திரும்பக் கட்டாமல் இருக்க ஏதாவது தடவலாமா? பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பிடிக்கும் பொறி வீடியோவில் பார்த்தேன்.

---

சோப்புநுரை:

பொறி வேண்டாம். அந்தப் பாட்டில் குளிர்நாட்டு மஞ்சள் குளவிக்காக வந்தது, அவை நம் சமவெளியில் இல்லை. இங்கே வைத்தால் தேனீதான் விழுந்து சாகும். கதண்டு ஒன்றிரண்டு விழுந்தாலும் கூட்டுக்குக் குறையாது, வீட்டுப் பக்கம் வரப் பழக்கிவிட்டதாகவும் ஆகும். காகிதப் பையை ஊதிக் கட்டிப் போலிக் கூடு வைப்பதையும் நம்ப முடியாது.

தடவுவதைவிடப் பார்ப்பதுதான் வேலை செய்யும். கூடு ஆரம்பிக்கும்போது ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் நாலைந்து அறை, ஒன்றோ இரண்டோ குளவி. அந்த நிலையில் அது விட்டுக்கொடுத்துப் போய்விடும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது சன்ஷேடு அடி, பால்கனிக் கம்பி, மீட்டர் பெட்டி மூடி, தண்ணீர்த் தொட்டி விளிம்பு, கவிழ்த்து வைத்த மண்பானை, கழிவறை வென்டிலேட்டர் இத்தனையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கண்டால் அந்தி மங்கியதும் ஒட்டடைக் கம்பில் துணி சுற்றிச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒரே துடைப்பு. மறுநாளும் அங்கேயே வரும், மறுநாளும் துடையுங்கள். நாலைந்து நாளில் இடம் மாற்றிக்கொள்ளும்.

மாம்பழம், கொய்யா விழுந்து அழுகுவதை அன்றன்றே எடுத்துவிடுங்கள். மீன் கழுவின தண்ணீரைக் கொல்லையில் திறந்து விடாதீர்கள், இரண்டுக்கும் கதண்டு வரும். கோடையில் சொட்டும் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கக் குளவி கூடும், வாஷரை மாற்றினால் அதுவும் குறையும்.

ஞாயிறு அன்று தெளிப்பானை நிரப்பும்போது நுரையைக் கைவிட்டு வழித்துவிட்டு மூடுங்கள். நுரை உறிஞ்சுகுழாயில் ஏறினால் தாரை விட்டு விட்டு வரும்.